முன் ஆக்சிலை மட்டும் விற்காதே

கடலூர் முதுநகர்
12.6.2006

அண்ணனுக்கு,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் சாவுச் சேதியோ என்று அண்ணி பயந்திருப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நானும் இலக்கியாவும் இருக்கிறோம். ஒரு விலை கேட்கத்தான் எழுதுகிறேன்.

விபத்துக்குப் பிறகு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விட்ட நாள் முதல் லாரி எங்கள் வீட்டை ஒட்டின காலி மனையில்தான் நிற்கிறது. மனைக்காரர் ஆவணியில் வீடு கட்ட ஆரம்பிக்கிறார், அதற்குள் எடுக்கச் சொல்லிவிட்டார். காயலாங்கடைக்காரர் வந்து கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். போன வாரம் புதுச்சேரியிலிருந்து பொன்னுரங்கம் என்று ஒருவர் வந்தார். பழைய மூக்கு லாரிகளைத் தேடிப் பிடித்துப் புதுசு மாதிரி செய்து விற்கிறாராம். வாங்குகிறவர்கள் அழகுக்கு நிறுத்தி வைப்பதில்லை, ரோட்டில் ஓட்டுவார்களாம். "எழுபத்தி நாலு மாடல்ல இவ்ளோ ஒரிஜினலா சாமான் எங்கியும் கெடைக்காதும்மா" என்றார். நான் விலை கேட்டதும் "அடிபட்ட வண்டிதான, ஜாஸ்தி எதிர்பாக்காதீங்க" என்றார். வேண்டியதைக் கழற்றிக்கொண்டு மொத்தமாக முப்பதாயிரம் தருகிறாராம்.

இது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. சிதம்பரத்தில் பழைய லாரி சாமான் வாங்குகிற யாரும் உங்களைக் கூட்டிப்போய்க் காட்டாமல் வாங்குவதில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். வேறு யாராவது இருந்திருந்தால் அவர்களைக் கேட்டிருப்பேன். இலக்கியாவுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் எனக்கு வருவதை வைத்து அதைச் சமாளிக்க முடியாது.

போன் போட வேண்டாம். நேரில் வரவும் வேண்டாம். உங்கள் குரல் காதில் விழுந்தால் அன்றைக்கு ஸ்டேஷனில் சொன்னது திரும்பக் கேட்கும். "வண்டியில கோளாறு இல்ல சார். மாப்ள கண்ணசந்துட்டார் போல." நான் வாசலில்தான் நின்றேன். காலை பத்தரை மணிக்கு எந்த டிரைவர் கண்ணசருவான்? எட்டு மணிக்குப் புவனகிரியில் நெல் மூட்டை ஏற்றிவிட்டுப் பூத்திலிருந்து என்னிடம் பேசினவர் அவர். நீங்கள் சொன்னதைத்தான் அவர்கள் எழுதிக்கொண்டார்கள். புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாளை என் புருஷன் தூங்கிக்கொண்டே ஏற்றிக் கொன்றார், தானும் செத்தார் என்று ரிக்கார்டில் இருக்கிறது. அந்த அம்மாளின் மகன் காத்தவராயன் இங்கே மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி இறக்குகிறான். என்னைக் கண்டால் பக்கத்தில் இருப்பவனிடம், "தூங்கிக்கினே ஓட்டனவன் பொண்டாட்டி" என்று காட்டுகிறான்.

எது என்ன விலை என்று எழுதுங்கள்.

கலைமணி

*

சிதம்பரம்
17.6.2006

அன்புள்ள கலைமணி,

உன் கடிதம் வந்தது. விலையை மட்டும் கேட்டிருக்கிறாய், அதை மட்டும் எழுதுகிறேன்.

மொத்தமாக யாருக்கும் கொடுக்காதே. மொத்தம் என்று கேட்பவன் நல்ல சாமானின் விலையைக் கெட்ட சாமானுக்குள் மறைக்கிறான். ஒவ்வொன்றாகப் பேசு.

கியர் பாக்ஸ்: அடியிலுள்ள நட்டைத் திருகி ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் பிடி. கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. மஞ்சள் பொடி மினுக்கினால் விலை பாதி. இரும்புத் துணுக்கு வந்தால் காயலாங்கடை. ஒன்றும் இல்லையென்றால் ஒன்பதாயிரத்துக்குக் குறையாதே.

இன்ஜின்: மாப்பிள்ளை விபத்துக்கு முந்தின வருடம்தான் சிலிண்டரைக் கடைந்து போர் அடித்தார். ரசீது பீரோவில் இருக்கும், தேடி எடுத்துக் காட்டு. கையால் சுற்றச் சொல். சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் விட்டால் உள்ளே துரு. ஒரே சீராக இறுகினால் நல்லது. இருபத்தெட்டு கேள், இருபத்தைந்தில் நில்.

ரேடியேட்டர் பழைய பித்தளை. ஓட்டையாக இருந்தாலும் எடைக்கே மூவாயிரம். ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டிப் பார். இரண்டு விரல் அளவுக்கு மேல் சும்மா ஆடினால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது, அவன் சொல்லும் விலைக்குக் கொடு.

எதையும் துடைத்து வைக்காதே, பெயிண்ட் அடிக்காதே. அழுக்கோடு இருக்கும் சாமானுக்குத்தான் விவரம் தெரிந்தவன் விலை கொடுப்பான்.

முன் ஆக்சிலை மட்டும் விற்காதே. அதைக் காயலாங்கடைக்குப் போட்டுவிடு.

இலக்கியாவுக்கு இடம் கிடைத்ததில் அண்ணிக்கு ரொம்ப சந்தோஷம்.

ராஜமாணிக்கம்

*

கடலூர் முதுநகர்
25.6.2006

அண்ணனுக்கு,

நீங்கள் எழுதினதை இலக்கியா சத்தமாகப் படிக்க, நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். கியர் ஆயில் வெறும் கறுப்பு. ரசீது பீரோவில்தான் இருந்தது, அவர் கையெழுத்தோடு. பொன்னுரங்கம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தராங்க?" என்றார். முப்பதிலிருந்து நாற்பத்தொன்று வரை வந்துவிட்டார்.

ஆனால் அவருக்கு எல்லாவற்றையும் விட முன் ஆக்சில்தான் வேண்டும். அந்த மாடலில் நேராக இருக்கும் ஆக்சிலே கிடைக்கவில்லையாம். இடது பக்கம் உடைந்திருந்தாலும் வலது பக்கத்து ஸ்டப் ஆக்சில் முழுசாக இருக்கிறதே என்றார். சக்கரம் எந்த இரும்புக் கைமேல் சுற்றுகிறதோ, அதுதானே ஸ்டப் ஆக்சில்? இருபத்திரண்டு வருடம் டிரைவர் பொண்டாட்டியாக இருந்தும் இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன். அதற்கு மட்டும் பதினோராயிரம் தனியாகத் தருகிறேன் என்கிறார். பதினோராயிரம் அண்ணா. இலக்கியாவின் முதல் வருடச் செலவில் பாதிக்கு மேல்.

ஏன் விற்கக் கூடாது? ஒரு வரி போட்டுவிட்டு அதோடு நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் முடிவு செய்ய, நாங்கள் தலையாட்ட வேண்டும். அன்றைக்கும் அப்படித்தானே? காரணம் எழுதுங்கள். இல்லையென்றால் ஜூலை ஏழாம் தேதி அவர் வேன் கொண்டுவரும்போது ஏற்றி அனுப்பிவிடுவேன்.

கலைமணி

*

சிதம்பரம்
29.6.2006

கலைமணி,

காரணத்தை நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய். நம்பவும் வேண்டாம். நீயே பார்.

வலது பக்கச் சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஹப்பையும் கழற்றச் சொல். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கையைப் பெட்ரோலில் நனைத்த துணியால் கிரீஸ் போகத் துடை. கை தடித்த பாகத்தோடு சேரும் வளைவில் பெயிண்ட் இருந்தால் சுரண்டி எடு. பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அந்த வளைவில் சுற்றி ஒரு மணி நேரம் விடு. துணியை எடுத்துவிட்டு ஈரமே இல்லாமல் துடைத்துவிடு. சாக்பீஸைப் பொடி செய்து அதன் மேல் பூசு. கால் மணி நேரம் பொறு.

இரும்பு முழுசாக இருந்தால் பொடி வெள்ளையாகவே இருக்கும்.

ராஜமாணிக்கம்

*

கடலூர் முதுநகர்
4.7.2006

கோடு தெரிந்தது.

கால் மணி நேரம் கூட ஆகவில்லை. வெள்ளைப் பொடியில் மயிரிழை மாதிரி ஈரமாக ஒன்று எழும்பி, வளைவைச் சுற்றிப் பாதி தூரம் ஓடியது. இலக்கியா, "அம்மா, எறும்பு போவுது" என்றாள். எறும்பு இல்லை என்று அவளுக்கும் உடனே தெரிந்துவிட்டது.

பிறகு லாரியின் பின்னால் ஏறி, போலீஸ் கட்டிக்கொடுத்த சாக்கை அவிழ்த்தேன். உடைந்த இடது பக்கத்துத் துண்டு அதற்குள் இருந்தது. இரண்டு வருடமாக அதைத் தொடவே எனக்கு மனம் வரவில்லை. அது உடைந்த இடத்தில் ஒரு பாதி கறுப்பு. மறு பாதியில் மேலாக லேசான துரு, சுரண்டினால் வெள்ளி மாதிரி பளபளப்பு. எனக்கு அர்த்தம் புரியவில்லை. பொன்னுரங்கத்தை வரச்சொல்லிக் காட்டினேன். அவர் வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பளபளப்பு அன்னிக்கு ஒடஞ்சதும்மா. கறுப்பு அதுக்கும் முன்னாடியே விட்டுப்போனது. பாருங்க, விரிசலுக்குள்ள பெயிண்ட் எறங்கியிருக்கு. விரிசல் உட்டப்புறம்தான் எவனோ பெயிண்ட் அடிச்சி வித்திருக்கான்."

"பாக்கறவங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தொழில் தெரிஞ்சவன் ஒரு தடவ பாத்தா போதும்மா."

ஆக்சில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஸ்டப் ஆக்சில் ஜோடியைச் சேலத்திலிருந்து வாங்கிக் கொடுத்தது நீங்கள். விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு, பொங்கல் கழிந்த வாரம். கறுப்பாகப் புதுப் பெயிண்டோடு அது எங்கள் வீட்டு வாசலில் இறங்கினது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஸ்டேஷனில் உடைந்த துண்டு மேசைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. நீங்கள் குனிந்து கையில் எடுத்துப் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஒன்றுதான் கேட்கிறேன். அன்றைக்கே தெரியுமா?

*

சிதம்பரம்
9.7.2006

கலைமணி,

தெரியும்.

மூன்று நாளாக எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஏதாவது காரணம் வந்து நின்றது. அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன்.

சேலத்தில் பழைய லாரிகளை உடைத்து விற்கிற அந்த யார்டில் நான்கு ஜோடி கிடந்தன. மாப்பிள்ளை சுத்தியலால் தட்டிப் பார்த்தார், நானும் தட்டினேன். நல்ல சத்தம். அவர், "சாக்பீஸ் போட்டுப் பாத்துரலாமா மச்சான்?" என்று கேட்டார். அவர்தான் கேட்டார். எனக்கு அன்று மதியத்துக்குள் இன்னொருவருக்கு ஒரு இன்ஜின் பார்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. "நான் பாத்தது போதாதா மாப்ள?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க பாத்தா போதும் மச்சான்" என்று சாமானைத் தூக்கிவிட்டார். புதுப் பெயிண்ட் அடித்த சாமானை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.

ஸ்டேஷனில் அந்தத் துண்டைக் கையில் எடுத்தபோது கறுப்பைப் பார்த்தேன். உள்ளே பெயிண்டைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர், "என்ன பெரியவரே, வண்டியில ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே நம் ஊர் ஆட்கள், லாரிக்காரர்கள், என்னிடம் சாமான் வாங்கினவர்கள் எல்லாரும் நின்றார்கள். வேறு வார்த்தை வந்துவிட்டது. செத்தவர் எதிர்த்துப் பேச மாட்டார் என்று அந்த நொடியில் நினைத்தேன். நினைத்தேன் என்பதைத்தான் இத்தனை நாளும் எனக்கே ஒப்புக்கொள்ளவில்லை.

நீ வீட்டுக்கு வராதே என்று சொன்னபோது, தூங்கினார் என்று நான் சொன்னதற்கான கோபம்தான் என்று தெரிந்து எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கிறேன். அங்கிருந்து காத்தவராயனைப் பார்க்கப் போகிறேன். உன்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ராஜமாணிக்கம்

*

கடலூர் முதுநகர்
22.7.2006

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இலக்கியா இரண்டு நாள் சாப்பிடவில்லை. "மாமா வாங்கித் தந்த பேனாவுலதான் பரீட்ச எழுதினேன்" என்றாள்.

காத்தவராயன் வந்திருந்தான். வியாழக்கிழமை மதியம், மார்க்கெட் முடிந்து, மேலெல்லாம் மீன் வாடையோடு கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"ஒங்க அண்ணன் வந்தாரு. எங்கம்மா போட்டோ முன்னாடி நின்னு எல்லாத்தையும் சொன்னாரு" என்றான்.

"அடிச்சியா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அடிக்கல. அடிச்சா அந்தாளு நிம்மதியா போயிருவாருன்னு தோணிச்சி." கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "ரெண்டு வருசமா டெய்லி ஒரு செத்த மனுசனத் திட்டிக்கினு இருந்தேன்கா. ஒங்களையும் சேத்து. அத எங்க போயி திருப்பி எடுக்கறது?"

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

ஸ்டேஷனில் என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. நானே போய்க் கேட்டேன். "மூடின கேசும்மா. அவர் மனு குடுத்திருக்காரு, பைல்ல வெச்சிருக்கோம்" என்றார்கள். ரிக்கார்டில் என் புருஷன் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார். நீங்கள் ஒரு வரியில் சொன்னதை எடுக்க ஊர்ப்பட்ட ஆபீஸ் ஏற வேண்டுமாம்.

மற்ற சாமான்களைப் பொன்னுரங்கம் எடுத்துப் போய்விட்டார். வலது பக்கத்து ஆக்சிலை எடைக்குப் போடவில்லை. எடைக்குப் போட்டால் எவனாவது பொறுக்கி எடுத்துத் திரும்பவும் பெயிண்ட் அடிப்பான். கேஸ் கட்டர் வைத்திருக்கும் பையனுக்கு இருநூறு ரூபாய் கொடுத்து மூன்று துண்டாக வெட்டச் சொன்னேன். முடியும் வரை பக்கத்தில் நின்று பார்த்தேன். இடது பக்கத்துத் துண்டு என்னிடம் இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் மனு போடப்போகிறேன், அப்போது காட்ட வேண்டும்.

இனி எழுத ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

கலைமணி

*

சிதம்பரம்
28.8.2006

கலைமணி,

எழுத ஒன்றும் இல்லை என்று நீ சொன்ன பிறகும் எழுதுகிறேன். எனக்காக அல்ல.

அந்த யார்டில் நான்கு ஜோடி கிடந்தன என்று எழுதியிருந்தேன். ஒரு ஜோடி மாப்பிள்ளைக்கு. மற்ற மூன்றும் அதே மாதத்தில் என் சொல்லை நம்பி மூன்று பேர் வாங்கினார்கள். இதை உனக்கு எழுதின அன்று கூட அந்த மூன்றும் எங்கே என்று நான் யோசிக்கவில்லை. உன் கடிதத்தில், எவனாவது திரும்பவும் பெயிண்ட் அடிப்பான் என்று படித்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது.

கடையை மூடிவிட்டுத் தேடிப் போனேன். முதல் ஜோடி வடலூரில் செங்கல் லாரி ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்காரர், "நல்லா ஓடற வண்டிய எதுக்குய்யா கழட்டணும்?" என்று சண்டைக்கு வந்தார். கூலி நான் கொடுக்கிறேன் என்று கழற்றவைத்துச் சாக்பீஸ் போட்டேன். கோடு இல்லை. இரண்டாவதைப் புவனகிரியில் கண்டுபிடித்தேன். ஒரு பக்கம் சுத்தம், மறு பக்கம் விரல் நீளத்துக்குக் கோடு. அந்த டிரைவர் அந்தக் கோட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அன்று காலையில்தான் அந்த லாரியில் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார்.

மூன்றாவது திட்டக்குடிப் பக்கம் ஒரு ஊர். விலாசம் விசாரித்துக்கொண்டு போனேன். லாரி இல்லை. போன வருடம் மாசியில் கரும்பு லோடோடு வாய்க்காலில் இறங்கிவிட்டது. ஓட்டினவர் அங்கேயே போய்விட்டார். டீக்கடையில் கேட்டேன். "குடிச்சிட்டு ஓட்டினான், போய்ச் சேந்தான்" என்றார்கள். முன் சக்கரம் தனியாகக் கழன்று வயலில் கிடந்ததாம். அதை யாரும் ஒரு விஷயமாகவே எடுக்கவில்லை.

அவர் மனைவி பெயர் பட்டம்மாள். இரண்டு பிள்ளைகள். வீட்டைக் காட்டினார்கள். தெருமுனை வரைக்கும் போனேன். அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காத்தவராயன் வீட்டுக்குப் போன கால் அங்கே நடக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

எப்படியும் போய்ச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு புது ஆள் வந்து, உன் புருஷன் குடிக்கவில்லை, நான் பார்க்காமல் கொடுத்த இரும்பால் செத்தான் என்று சொன்னால், அந்த அம்மாள் அதை எதில் பிடித்துக்கொண்டு நம்புவார்? நான் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருடன் யார் இருப்பார்?

உன்னைக் கூப்பிட எனக்கு வாய் இல்லை. அதனால் நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

ராஜமாணிக்கம்

*

கடலூர் முதுநகர்
4.9.2006

அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை, பத்தாம் தேதி, காலை ஒன்பது மணிக்கு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். திட்டக்குடி பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிடுங்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார வேண்டாம். வழியில் எதுவும் பேச வேண்டாம்.

அந்த வீட்டில் முதலில் நான் பேசுகிறேன். நான் யார், எனக்கு என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கும் வரை நீங்கள் வெளியே நில்லுங்கள். அந்த அம்மாள் கூப்பிட்டால் உள்ளே வாருங்கள். கூப்பிடாவிட்டால் அடுத்த பஸ்ஸில் நீங்கள் மட்டும் திரும்பிப் போங்கள். நான் அங்கே இருந்துவிட்டு வருகிறேன்.

கலைமணி